பனி நாட்டு டயரும் மட்டக்களப்பு மாரியும்: ஒரு டயர் கடையில் இரண்டரை மணித்தியாலம்

2024 நவம்பர் முதல் வாரத்தில், ஒரு மாதத்துக்குள் இரண்டாவது தடவையாக, என்னுடைய வேகன் ஆர் வாகனத்தை டயர் கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. முதற்கடையில் வேலை இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்திருந்தது. இரண்டாவது கடையில் இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த இரண்டரை மணித்தியாலத்தைப் பற்றியதும், அதன் பின்னர் அந்த டயர்களோடு நான் கடந்த ஒரு முழு மாரியைப் பற்றியதும் ஆகும். இரண்டு கடைகளும் மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையிலான பிரதான வீதியில் உள்ளவை. குறை சொல்லவேண்டிய கடையின் பெயரை மறைத்து, நல்ல கடையின் பெயரை மட்டும் எழுதினால் அது விளம்பரமாகிவிடும் என்பதால் இரண்டு பெயர்களையும் விட்டிருக்கிறேன். கடையை எப்படி அடையாளம் காண்பது என்பதை வாசிப்பவர் போகப்போக அறிந்துகொள்வார்.

நான் கல்லடியில் குடியிருந்து கல்முனையில் வேலை செய்பவன். போகவர நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக வந்து மட்டக்களப்பில் முடியும் ஏ4 வீதியின் கடைசித் துண்டு அது. காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும், வீதி காப்பெற் போட்டதுபோல் வழுவழுப்பாக இருப்பதால், ஊருக்கும் ஊருக்கும் இடையில் கிடைக்கும் வெளியில் கால் தன்னையறியாமல் அழுத்திவிடும். எங்கள் பக்கத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் புழுதியும் கடற்காற்று அள்ளிவந்த மணலும் முதல் மழையில் ஒன்றாகக் குழைந்து தாரின்மேல் ஒரு வழுக்கற் படலமாக நிற்கும். அது கழுவுப்படுவதற்குள், பெரும்போக விதைப்புக்கு வயலில் இறங்கிய உழவு இயந்திரங்கள் சில்லிலே ஒட்டிய சேற்றைப் படுவான்கரைப் பக்கமும் சம்மாந்துறைப் பக்கமும் வீதி நெடுகிலும் உதிர்த்துச் செல்லும். பனி விழாத ஊரென்றாலும், டயரைச் சோதிக்கும் பருவம் எங்களுக்கும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

வாகனத்தை 2024 ஓகஸ்டில் அம்பாறைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து வாங்கினேன். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு இன்னும் திறக்கப்படாதிருந்த காலமாகையால், பழைய வாகனமொன்றுக்குக் கொடுக்கக் கூடாத விலையைத்தான் கொடுத்தேன். ஆனால் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடிய வாகனம், மைலேஜ் குறைவு, எல்லாவற்றுக்கும் மேலாக, ஜப்பானிலிருந்து வந்தபோது பூட்டியிருந்த அதே டயர்கள் நான்கும் புதிது போலவே இருந்தன. பள்ளங்கள் விரலின் நகக்கண் மறையும் ஆழம். வாங்குவதற்கு முன் பார்க்க வந்த நண்பர், டயர் மாற்றும் செலவு இரண்டு வருடத்துக்கு இல்லை என்று என்னை வாழ்த்தினார். பள்ளம் ஆழமாக இருந்தால் டயர் நல்லது என்பதுதான் அன்றைக்கு எனக்கும் தெரிந்த ஒரே இலக்கணம்.

ஒக்டோபரில் முன்சில்லுகள் இரண்டும் உட்பக்கமாகத் தேய்வதைக் கண்டு முதற்கடைக்குப் போனேன். முன்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டால் போதும், பின்னால் கிடப்பவை தங்கம் போல் இருக்கின்றன என்றார்கள். முன்சில்லு இழுக்கும் வாகனத்துக்கு முன்னுக்குத்தானே பிடி வேண்டும் என்ற நியாயமும் சொன்னார்கள். கேட்க மிகவும் சரியாக இருந்தது. இன்னும் ஒரு படி மேலே போய், 155க்குப் பதிலாக 165 அகலம் போட்டால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று ஆசை காட்டினார்கள், நான் மறுத்துவிட்டேன். இரும்புப் பட்டையால் நெம்பிக் கழற்றி, நெம்பிப் பூட்டி, காற்றடித்து, நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று இறுக்கி அனுப்பிவிட்டார்கள். மழை நாட்களில் நல்ல பிடி இருக்கும் என்று காற்றையும் சற்றுக் குறைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் எத்தனை பிழைகள் நடந்தன என்பது இரண்டாவது கடையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

இரண்டு கிழமை கழிந்து, ஒரு மாலை, ஓந்தாச்சிமடத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். மழை விட்டு விட்டுத் தூறியது. வேகம் 60ஐத் தாண்டியிருக்காது. மழை ஓய்ந்த வீதியின் சூட்டுக்கு மாடுகள் வந்து படுப்பது எங்கள் ஊரில் யாருக்கும் புதினமல்ல. அப்படிப் படுத்திருந்த கறுத்த மாடொன்று வெளிச்சத்தில் திடீரென்று தெரிந்தது. காலை எடுத்துவிட்டு வலப்பக்கம் ஒடித்தேன். முன்பக்கம் சொன்னதைக் கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை. யாரோ பின்னால் நின்று வாகனத்தின் இடுப்பைப் பிடித்துத் தள்ளியதுபோல் அது இடப்பக்கமாக வழுக்கி, வீதியோர மணலில் பின்சில்லு இறங்கி நின்றது. எதிரே எதுவும் வராததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மாடு எழும்பவேயில்லை, தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது.

இரண்டாவது கடையில் நடந்த முதல் விடயம், விலை பேசப்படாததுதான். சுமார் முப்பது வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர், கதையைக் கேட்டுவிட்டு, பின்சில்லுக்கு அருகில் குந்தியிருந்து, டயரின் பக்கச் சுவரைத் துணியால் துடைத்து, கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார். பிறகு பெருவிரலால் ரப்பர் கட்டையொன்றை அழுத்தினார். "சேர், இது பனிக்குப் போடுற டயர். எங்கட ரோட்டுக்கு உரியதில்ல" என்றார். அவர் துடைத்த இடத்தில் ஆங்கில எழுத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று அச்சாகியிருந்தது. மூன்று மாதமாக நான் கழுவித் துடைத்த டயர். அந்தச் சொல்லை ஒருநாளும் வாசித்ததில்லை.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஜப்பானின் பனி விழும் பகுதிகளில் ஒருகாலத்தில் ஆணி பதித்த டயர்களைப் பூட்டி ஓடினார்கள். அந்த ஆணிகள் வீதியை அரைத்துத் தூசியாக்கி ஊர்களை மூச்சுத்திணற வைத்ததால், 1990இல் அதற்கெதிராகச் சட்டமே கொண்டுவந்தார்கள். அதன் பிறகு அங்கே குளிர்காலத்துக்கு எங்கும் பரவியவை ஆணியில்லாத பனி டயர்கள், அதுதான் 'ஸ்டட்லெஸ்'. ஆணி செய்த வேலையை இவை இரண்டு வழியால் செய்கின்றன. ஒன்று, உறைகுளிரிலும் விறைக்காத மிருதுவான ரப்பர். மற்றது, ஒவ்வொரு கட்டையிலும் சவர அலகால் கீறியதுபோல் நெளிநெளியாக ஓடும் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள். அவற்றின் விளிம்புகள் பனியைக் கவ்விப் பிடிக்கும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது என்பதால், பனி டயருக்கு மாறவேண்டிய எல்லையாகப் பல நாடுகளில் அந்த அளவைத்தான் சொல்கிறார்கள். மட்டக்களப்பில் மார்கழிக் குளிர் என்று நாம் போர்வையை இழுத்துக்கொள்ளும் விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. குளிருக்கென்று மிருதுவாக்கிய ரப்பர் இந்தச் சூட்டில் தளர்ந்துபோகிறது. வெட்டுகளால் துண்டாடப்பட்ட கட்டைகள் பிரேக் போடும்போது நேராக நிற்காமல் சாய்ந்து நெளிகின்றன. சூடான ஈர வீதியில் நிற்பதற்கு எடுக்கும் தூரம் கூடுகிறது. நுவரெலியாவில் தை மாசியில் புல்லின்மேல் உறைபனி படியும் விடியல்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதற்காகப் பனி டயர் பூட்டவேண்டிய வீதி இலங்கையில் எங்கும் இல்லை.

சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் உறவுகள் இல்லாத வீடு எங்கள் ஊரில் குறைவு. ரொறன்ரோவிலிருக்கும் என் மச்சான், ஐப்பசி வந்தால் கோடை டயரைக் கழற்றிக் கராஜில் அடுக்கிவிட்டுப் பனி டயரைப் பூட்டுவதைப் பெரிய சடங்காகச் சொல்வார். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டப்படி கட்டாயம். ஜேர்மனியில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்த டயர்தான் 2024 ஒக்டோபரிலிருந்து பனி டயராகக் கொள்ளப்படுகிறது; சேற்றையும் பனியையும் குறிக்கும் 'எம் பிளஸ் எஸ்' என்ற பழைய எழுத்துகள் மட்டும் இருந்தால் அங்கே போதாது. அவர்களுக்கு உயிர் காக்கும் அதே பொருள், கப்பலேறி வந்து நம்முடைய வீதியில் இறங்கும்போது ஆளை ஏமாற்றுகிறது. ஆழமான பள்ளத்தோடு 'புத்தம் புதிசு' என்று விற்கப்படும் ஜப்பான் பழைய டயர்களைப் பார்ப்பவர்கள், பள்ளத்தைப் பார்க்கும் முன் அந்த மலைச் சின்னத்தையும் 'ஸ்டட்லெஸ்' என்ற சொல்லையும் தேடிப் பார்க்கவேண்டும். இருந்தால், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

தம்பி அதோடு விடவில்லை. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார்: 3816. அதாவது 2016ஆம் ஆண்டின் 38ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. எட்டு வருடம் பழைய ரப்பர். பல உற்பத்தியாளர்கள் ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் டயரைச் சோதிக்கவும், பள்ளம் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்தோடு கழித்துவிடவும் சொல்கிறார்கள். குறைவாக ஓடிய வாகனங்களில் இது பெரிய பொறி. தேய்வதற்கு முன்னமே முதிர்ந்துவிடும்.

அடுத்து, புது டயர் இரண்டையும் முன்னால் பூட்டியது ஏன் பிழை என்பதை விளக்கினார். இரண்டுதான் வாங்க முடியுமென்றால் அவை பின்னுக்குத்தான் போகவேண்டும் என்பது டயர் உற்பத்தியாளர்களே சொல்லும் விதி. முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங் வெறுமையாவது கைக்கு உடனே தெரியும்; காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவரும். பின்பக்கம் வழுக்கினால் முன்னறிவிப்பே இல்லை. தெரியும்போது வாகனம் பாதி திரும்பியிருக்கும். என்னுடைய வாகனத்தில் இது இன்னும் மோசம்: முன்னால் புதிய சாதாரண டயர், பின்னால் முதிர்ந்த பனி டயர். ஒரே வாகனத்தில் இரண்டையும் கலப்பது எந்த நாட்டிலும் ஆகாத காரியம். மாட்டின் முன்னால் நடந்தது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. முதற்கடையில் போட்ட புது டயரின் தரத்தில் குறையில்லை. அது நன்றாகப் பிடித்ததுதான், பிடிக்காத பின்பக்கத்தை அம்பலமாக்கியது.

தேர்வுக்கு மூன்று வகை வைத்தார்: களனியில் தயாராகும் சியெட், தாய்லாந்திலிருந்து வரும் ஜப்பான் நிறுவனமொன்றின் டயர், விலை மிகக் குறைந்த இன்னொரு இறக்குமதி. விலைகளை நான் எழுதவில்லை. டொலர் போகும் போக்கில் இதை வாசிக்கும்போது அவை பொருந்தா. எனக்குப் பிடித்தது, அவர் ஒவ்வொன்றையும் உருட்டிவந்து தயாரித்த வார இலக்கத்தைத் தானாகவே காட்டியதுதான். ஜப்பான் நிறுவன டயர் கடையில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்திருந்தது. களனி டயரில் 3124 என்றிருந்தது. ஜூலை முடிந்து ஓகஸ்ட் தொடங்கும் வாரத்தில் செய்த சரக்கு, ஏறத்தாழ மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நீளவாட்டில் மூன்று அகன்ற நீர்க்கால்கள், அவற்றிலிருந்து தோள் வரை சரிவாகப் போகும் கிளை வாய்க்கால்கள். வயலில் வரம்பு வெட்டி நீர் வடிப்பவருக்கு இந்த அமைப்பை விளக்கத் தேவையில்லை. வாய்க்கால் நடுவிலே தொடங்கி வெளியே திறந்திருக்கவேண்டும், இடையில் அடைபடக் கூடாது. சில டயர்களின் பக்கச் சுவரில் 'ட்ராக்ஷன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி என்று ஒரு தரம் இருக்கும். அது ஈரத்தளத்தில் நேராகப் பிரேக் பிடித்துச் சோதித்ததன் விளைவு. வளைவில் திரும்புவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இருந்தாலும், மாரியை எண்ணி டயர் வாங்குகிறவர் ஏயைவிடக் குறைந்த தரத்தை எடுக்காமல் இருப்பது நல்லது. நான்கும் ஒரே இனமாக இருக்கவேண்டும் என்று, இரண்டு கிழமைக்கு முன் வாங்கிய இரண்டையும் குறைந்த விலைக்கு அங்கேயே கொடுத்துவிட்டு, நான்கையும் களனி டயராகவே எடுத்தேன்.

அளவு 155/65ஆர்14, 75எஸ். அகலம் 155 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 வீதம், ரிம்மின் விட்டம் 14 அங்குலம். 75 என்பது டயரொன்று 387 கிலோ வரை தாங்கும் என்பதையும், எஸ் என்பது 180 கிலோமீற்றர் வேக எல்லையையும் குறிக்கும். 165 போடச் சொன்னதைக் கேட்டிருந்தால் சில்லின் விட்டம் 13 மில்லிமீற்றர் கூடி, வேகமானி உண்மை வேகத்தை இரண்டு வீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டியிருக்கும். அதைவிட முக்கியம், அகலம் கூடக் கூட டயர் தன் முன்னால் விலக்கவேண்டிய நீரும் கூடுகிறது. அழகுக்காக அகலப்படுத்திய வாகனங்கள் மாரியில் முதலில் மிதக்கும்.

இனி, பூட்டிய விதம். இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பாதி இதற்குத்தான். டயரைக் கழற்றுவதும் போடுவதும் மெசினில் நடந்தது. இரும்புப் பட்டை கையிலேயே எடுக்கப்படவில்லை. முதற்கடையில் நெம்பிய இடத்தில் ரிம்மின் விளிம்பு இரண்டு இடத்தில் நசுங்கியிருந்ததைத் தம்பி விரலால் தடவிக் காட்டினார். டயர் வந்து ஒட்டி உட்காரும் ரிம்மின் உட்புற வளையம் துருவேறிப் பொருக்கு வெடித்திருந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு இது தலையெழுத்து. பஞ்சர் இல்லாமலே கிழமைக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ காற்று இறங்குகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இந்தத் துருதான். கம்பித் தூரிகையால் உரசி, துடைத்து, சவர்க்கார நீர் தடவி, அதன் பிறகே புது டயரை ஏற்றினார். நான்கு வால்வுகளையும் மாற்றினார். வால்வு சில நூறு ரூபாய்ச் சாமான்; அதுவும் ரப்பர்தான், அதற்கும் டயரோடு சேர்ந்து வயதாகிறது. டயரை மட்டும் மாற்றிவிட்டு வால்வை விட்டுவிடும் கடைகளை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

காற்று ஏற ஏற 'டப், டப்' என்று இரண்டு சத்தம் கேட்டு டயர் ரிம்மில் உட்கார்ந்தது. ஆனால் அவர் சத்தத்தை நம்பவில்லை. ரிம்மைச் சுற்றி டயரில் ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று சில்லை உருட்டிப் பார்த்தார். ஒன்றில் ஓரிடத்தில் கோடு உள்ளே போயிருந்தது. காற்றை முழுதாக இறக்கி, மறுபடி சவர்க்காரம் தடவி, திரும்ப ஏற்றினார். யாரும் கேட்காமல் செய்த வேலை இது. சில்லின் பாரம் சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் பேலன்ஸ் மெசினில் ஒரு சில்லு 40 கிராம் வித்தியாசம் காட்டியது. ஈயத்தை ஒட்டுவதற்குப் பதிலாக, டயரை ரிம்மின்மேல் அரைச்சுற்றுத் திருப்பி வைத்துப் பார்த்தார். 15 கிராமுக்கு இறங்கியது. அதன் பின்னரே ஈயம் ஒட்டினார்.

நட்டு இறுக்கும்போது காற்றுத் துப்பாக்கி பாதி வரைக்கும்தான். நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக மாறி மாறிக் கையால் இறுக்கி, வாகனத்தை நிலத்தில் இறக்கிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் எடுத்து, அது 'கிளிக்' என்று சொல்லும் வரை ஒவ்வொன்றையும் முடித்தார். துப்பாக்கியால் மட்டும் இறுக்கிய நட்டு, வீதியில் பஞ்சரானால் வாகனத்தோடு வந்த சிறிய சாவிக்கு அசையாது. அல்லது அளவுக்கு மீறி இழுபட்டு அதன் புரி கெட்டுவிடும். 100 கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து மறுபடி பார்க்கச் சொன்னார். நான் மூன்றாம் நாளே போனேன். பின்சில்லொன்றில் ஒரு நட்டு சற்று இறங்கிக் கொடுத்தது. கூலி வாங்கவில்லை.

முன்சில்லு உட்பக்கமாகத் தேய்ந்ததற்கான காரணத்தை முதற்கடை கேட்கவேயில்லை. தேய்ந்ததை எடுத்து, தேயப்போவதைப் பூட்டியது, அவ்வளவுதான். இங்கே அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், பார்த்தபோது முன்சில்லுகள் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்து நின்றது தெரிந்தது. இந்த வாகனத்தில் முன்னால் அந்த ஒரு கோணத்தைத்தான் சாதாரணமாகத் திருத்தலாம். பின்னச்சில் திருத்த எதுவுமில்லை. திருத்துவதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு தாள் அச்சடித்துக் கையில் தந்தார்கள்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மழை நாளில் காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் வேரூன்றியிருக்கிறது. கடற்கரை மணலில் ஏறுவதற்கு அது சரி, ஈரத்தாருக்கு நேர்மாறு. டயரின் வாய்க்கால்களால் வடிக்க முடியாத அளவு நீர் தேங்கியிருக்கும்போது, டயர் நீரின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சில்லுகளை வைத்துக் கண்டறிந்தார்கள். அந்தச் சூத்திரத்தின்படி 32 பி.எஸ்.ஐ காற்றுள்ள டயர் ஏறத்தாழ 94 கிலோமீற்றர் வேகத்தில் மிதக்கும். அதையே 20க்கு இறக்கினால் 75இலேயே மிதக்கும். காருக்கு இது உத்தேசக் கணக்குத்தான்; ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை. காற்றுக் குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, வாய்க்கால்கள் நெருங்கி, நீர் போக வழியில்லாமல் போகிறது. சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எவ்வளவு என்று இருக்கிறது; ஜப்பான் வாகனங்களில் அது கிலோபாஸ்கலில் இருக்கும், ஏழால் பிரித்தால் பி.எஸ்.ஐ கிட்டத்தட்ட வந்துவிடும். காலையில், ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும்.

பூட்டி மூன்று கிழமைக்குள் 2024 நவம்பர் கடைசி வாரத்துப் பெருமழை வந்தது. அந்த மழையிலும் அதன் பின் ஜனவரி வரையிலும் ஆறாயிரம் கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடியிருக்கிறேன். ஈர வீதியில் பிரேக் பிடித்தால் வாகனம் நேராக நிற்கிறது. காத்தான்குடிப் பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தில் நீர் தேங்கும் இடத்தில் முன்னர் ஸ்டியரிங் ஒரு கணம் பஞ்சு போலாகும். அதே வேகத்தில் இப்போது கைக்கு வீதி தெரிகிறது. சத்தம் மட்டும் சற்றுக் கூடுதல். பனி டயரின் மெத்தென்ற ஓட்டம் இதில் இல்லை. குழிகளில் விழும்போது முதுகுக்குத் தெரியும். மீண்டும் அப்படியொரு மாட்டைக் கண்டேன், இம்முறை கோட்டைக்கல்லாற்றுப் பக்கம். ஒடித்தேன், பின்பக்கமும் கூடவே வந்தது.

ஆனால் டயரால் ஆகாத எல்லையொன்று இருக்கிறது. அதே நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில், வெள்ளம் குறுக்கறுத்த வீதியில் மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தையே நீர் இழுத்துச் சென்றது. ஓடும் நீர் முழங்காலளவு இருந்தாலே சிறிய கார் கனமிழந்துவிடும். புது டயர் பூட்டிய துணிவில் அதற்குள் இறங்குவதற்கு எந்தக் கடையும் உத்தரவாதம் தராது. அன்றைக்கும் மறுநாளும் நான் வேலைக்குப் போகவில்லை.

கடையில் குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை, இரண்டரை மணித்தியாலமும் தகரக் கூரையின் கீழ் சாரலில் நின்றேன். பணம் வாங்குமிடத்தில் இருந்தவர் தம்பியின் குணத்துக்கு எதிர்மாறு. நைட்ரஜன் காற்று அடிக்கச் சொல்லி மூன்று தடவை வற்புறுத்தினார். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 வீதம் நைட்ரஜன்தான் என்று சொன்ன பிறகு விட்டுவிட்டார். பற்றுச்சீட்டில் டயரின் வார இலக்கத்தை எழுதித் தரும்படி கேட்டபோது அப்படி ஒரு வழக்கமில்லை என்றார்கள். நானே கைபேசியில் படம் பிடித்துவைத்தேன். வாகனத்தில் மேலதிகச் சில்லு இல்லை, ஜப்பானிலிருந்து வந்த பஞ்சர் பசைப் போத்தல் மட்டுமே இருக்கிறது, அதுவும் காலாவதியாகிவிட்டது என்பதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் கண்டேன். ரிம்மோடு பழைய சில்லொன்றை வேறிடத்தில் தேடி வாங்கிப் பின்னால் போட்டிருக்கிறேன்.

போகிறவர்கள் புரட்டாசியில் போவது நல்லது. நவம்பரில் வழுக்கி விழுந்தவர்களெல்லாம் ஒரே நாளில் வரிசையில் நிற்பார்கள். அந்த அவசரத்தில் எந்தத் தம்பிக்கும் டயரை அரைச்சுற்றுத் திருப்பிப் பார்க்க நேரமிருக்காது.

பனி டயர்களை அங்கேயே விட்டுவிட்டு வரத்தான் எண்ணினேன். முச்சக்கரவண்டியில் வந்த ஒருவர் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, தன் மருமகனின் வாகனத்துக்குப் போடலாமென்று விலை கேட்டார். தம்பி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்ததும் கத்தியை எடுத்து இரண்டின் பக்கச் சுவரையும் குறுக்கே கிழித்தார். மழை நீர் தேங்கி நுளம்பு பெருகாமல் அடியிலும் துளை போட்டு, அவற்றை வாவிக்கரையில் தோணி வைத்திருக்கும் அயல்வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இறங்குதுறைக் கல்லில் தோணி முட்டாமலிருக்க அவற்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.